பாரசீகர் பக்கத்து நாற்காலி

சிவமலர் பஸ் ஓட்டுகிறவர். கோட்-டெ-நெய்ஜ் ஏற்றத்தில் பனி இறுகிக் கண்ணாடிபோலக் கிடக்கும் நாட்களில், நடுவில் மடிகிற அந்த நீளப் பஸ்ஸை வளைத்துக் கொண்டுவந்து தரிப்பிடத்தோடு ஒட்டி நிறுத்துவாரே, அதைப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். ஏறுகிற எல்லாருக்கும் ஒரு "போன்ஜூர்" உண்டு. ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவருக்கும் உண்டு, நித்திரை கலையாமல் ஏறுகிற பல்கலைக்கழகப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் கடைசித் தரிப்பில் ஆட்கள் எல்லாம் இறங்கி, திரும்பிப் புறப்படுவதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அவர் மொன்றியலில் இருக்கமாட்டார். பானிபட்டில் நிற்பார். இல்லையென்றால் கொன்ஸ்தாந்திநோபிளின் மதிலுக்கு வெளியே, சுல்தான் மெஹ்மெதின் பீரங்கிகளுக்குப் பக்கத்தில். ஸ்டியரிங்கின் மேல் புத்தகம் விரிந்து கிடக்கும். தெர்மஸ் மூடியில் ஊற்றிய தேநீர் ஆறிப் பச்சைத்தண்ணியாய்ப் போயிருக்கும்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது உடுப்புத் தோய்க்கிற இடத்தில்.

அவர் இருக்கும் அடுக்குமாடியில் தோய்க்கிற மெஷின்கள் நிலத்துக்குக் கீழே இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் சிவமலர் கூடையோடு இறங்கினால், மூன்றாம் மாடி மஹ்னாஸும் கூடையோடு இறங்குவார். மஹ்னாஸ் ஈரானில் இஸ்பஹான் நகரத்தில் பிறந்தவர். இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புதிதாய்க் குடியேறியவர்களுக்கான வகுப்பில் இருவரும் பொறுக்கிய பிரெஞ்சுதான் இருவருக்கும் பொதுமொழி. முதல் சில மாதங்கள் சவர்க்காரத்தூளின் விலையும் பிள்ளைகளின் தடிமன் காய்ச்சலும்தான் கதை. ஒருநாள் மஹ்னாஸ் தன் ஊர்ச் சதுக்கத்தின் படத்தை போனில் காட்டினார். கடல் அளவு வெட்டவெளி, சுற்றிவர இரண்டடுக்கு வளைவுகள், ஒரு முனையில் வானத்தைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டதுபோல நீலக் குவிமாடம்.

"ஆர் கட்டினது?" என்று கேட்டார் சிவமலர்.

"ஷா அப்பாஸ்."

"அது ஆர்?"

அவ்வளவுதான். மெஷின் நின்று, மற்றவர்கள் வந்து, உடுப்பை எடுங்கோ எடுங்கோ என்று நச்சரித்தும் இரண்டு பேரும் எழும்பவில்லை. அடுத்த சனிக்கிழமை ஹுமாயூனின் கதை வந்தது. டெல்லியின் மொகலாய அரசர். நாட்டைப் பறிகொடுத்து, தம்பிமாரும் கைவிட, கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் பாலைவனமும் பனிமலையும் கடந்து, ஷா அப்பாஸின் பாட்டனாரான பாரசீக ஷாவின் வாசலில் வந்து நின்றவர். ஷா கதவைத் திறந்தாராம். வழியெல்லாம் எந்தச் சாப்பாடு, எந்தப் பழம், எந்தச் சர்பத் கொடுக்கவேண்டும் என்று கட்டளை போட்டாராம். கூடவே, எங்கள் சமய வழிக்கு வா, எங்கள் தொப்பியைப் போடு என்று நெருக்கினாராம்.

சிவமலர் ஈர மேற்சட்டையை உதறியபடி, "எங்களையும் சும்மாவே விட்டவங்கள்? அகதி வழக்கில என்ன கேள்வியெல்லாம் கேட்டவங்கள்" என்று சிரித்தார். சிரித்தவருக்குக் கண் ஏன் கலங்கியது என்று மஹ்னாஸ் கேட்கவில்லை. மடித்த துவாய் ஒன்றை நீட்டினார்.

அதற்குப் பிறகு நூலகத்தில் அந்த வரலாற்றுத் தட்டு முழுவதையும் சிவமலர் வாசித்து முடித்தார். எங்கோ அனத்தோலியாவின் மூலையில் சின்னக் கூட்டமாய்த் தொடங்கிய ஒட்டோமான் துருக்கியர் புடாபெஸ்ட் வரைக்கும் அல்ஜியர்ஸ் வரைக்கும் போன கதை. ஒரு சூஃபி மடத்தின் வாரிசுகள் பாரசீகத்தையே ஒன்றாக்கிய கதை. பன்னிரண்டு வயதில் பெர்கானா என்கிற குட்டி நாட்டுக்கு அரசனாகி, சமர்கண்டைப் பிடித்து, இழந்து, பிடித்து, இழந்து, கடைசியில் இந்தியாவுக்கே இறங்கி வந்த பாபரின் கதை. கணவர் சிவநேசம் பால் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, அடுப்படியில் எட்டிப் பார்த்துக் கேட்பார்:

"என்னப்பா, இண்டைக்குப் புட்டோ, இல்லாட்டி முற்றுகையோ?"

"முற்றுகைதான். பசியில கிடவுங்கோ."

இப்படி இருக்கையில்தான் சிவமலருக்கு அந்த ஆசை வந்தது. ஒவ்வொரு தை மாதமும் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் நடக்கும். அதில் நடுவராக இருக்கவேண்டும், தலைப்பு இந்த மூன்று பேரரசுகளில் எது பெரியது என்பதாக இருக்கவேண்டும். நடுவர் என்றால் வழக்கமாய் ரொறன்ரோவிலிருந்து யாராவது பெரிய ஆளைக் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டுகிற பெண்ணை யாரும் கேட்டதில்லை. சங்கச் செயலாளர் பேரின்பநாதனை அவர் வருசா வருசம் பிடித்தார். கடைசியாய்ப் பிடித்தது கர்க்லாண்டில், ஒரு பிறந்தநாள் வீட்டில், கேக் வெட்டுகிற நேரத்தில்.

"பிள்ளை, எங்கட பொங்கலுக்கு ஏன் முஸ்லிம் ராசாக்களின்ர கதை?" என்றார் பேரின்பநாதன்.

"அண்ணை, போன வருசம் மாமியோ மருமகளோ எண்டு தலைப்பு வைச்சியள். அதுக்கு முதல் வருசமும் அதுதான். எனக்கு மாமி செத்தே போனா அண்ணை. இன்னும் தீர்ப்பு வரேல்லை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பேரின்பநாதனும் இளகிவிட்டார். "சரி, நீரே நடுவராய் இரும். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். சனம் எழும்பிப் போச்செண்டால், அடுத்த வருசம் மாமியும் மருமகளும்தான். நடுவரும் பழையபடி ரொறன்ரோவில இருந்துதான்."

சனி காலை மஹ்னாஸிடம் ஓடிப்போய்ச் சொன்னார். "முன் வரிசையில நீதான் இருக்கவேணும். இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைச்சது நீ."

"எனக்கு உங்கட மொழி ஒரு சொல்லும் தெரியாதே."

"போனைப் பிடிச்சால் அது கேட்டுக் கேட்டு பிரெஞ்சில எழுதிக் காட்டும். வா."

விழா அன்று உறைமழை. வானத்திலிருந்து தண்ணீராய் விழுந்து, தொட்ட இடத்திலேயே ஐஸாய் இறுகுகிற மழை. அப்படியிருந்தும் மண்டபம் நிறைந்தது. சர்க்கரைப் பொங்கல், வடை, சூடான பால்தேநீர். மஹ்னாஸ் வெறுங்கையோடு வரவில்லை. குங்குமப்பூ போட்ட அரிசிப் பாயாசம் ஒரு பெரிய சட்டி நிறையக் கொண்டுவந்து, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே கறுவாப்பட்டைத் தூளில் கோலம் மாதிரி ஒரு பூ.

துருக்கியர் பக்கம் பேச விதுர்சன். கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை செய்கிற, வாய் மூடாத பெடியன். மொகலாயர் பக்கம் சென்னையிலிருந்து படிக்க வந்த ஸ்நேகா. பாரசீகர் பக்கம் றெபேக்கா. அவர் தூரத்துச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிப்பவர். தொடங்குகிற நேரத்துக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது: பெருந்தெருவை மூடிவிட்டார்கள், வரமுடியாது.

"பறவாயில்லை, ரெண்டு பக்கமாய் நடத்துவம்" என்றார் பேரின்பநாதன். 'பாரசீகர்' என்று எழுதிய அட்டையோடு நாற்காலி மட்டும் மேடையில் கிடந்தது. சிவமலருக்கு அது உறுத்தியது. ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டது, மணி மேசையில் இருந்தது, முன்னால் அத்தனை முகங்கள். அதை அப்படியே விட்டுவிட்டார்.

தொடக்க உரையில் சிவமலர் அடித்து நொறுக்கினார். கொன்ஸ்தாந்திநோபிள் துறைமுகத்தின் வாயைச் சங்கிலி போட்டு அடைத்தபோது, கப்பல்களைக் கொழுப்புப் பூசிய மரங்களின் மேல் ஏற்றி, மேட்டைக் கடந்து இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் தண்ணீரில் விட்டாரே இருபத்தொரு வயது மெஹ்மெத், அதைச் சொல்லும்போது மண்டபத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. "எங்கட பிள்ளையள் வீட்டுக்குள்ள பிரெஞ்சில சண்டை பிடிக்கினம் எண்டு கவலைப்படுறியள் என்ன? கேளுங்கோ. சுல்தான் செலிமும் ஷா இஸ்மாயிலும் சென்ம விரோதிகள். ஆனா துருக்கிச் சுல்தான் பாட்டெழுதினது பாரசீகத்தில. பாரசீக ஷா பாட்டெழுதினது துருக்கியில!" சனம் கைதட்டியது. மேடையோரத்தில் பேரின்பநாதன் தலையாட்டியபடி நின்றார். ஒருவரும் எழும்பவில்லை.

ஸ்நேகா அழகாய்ப் பேசினார். "நடுவர் அவர்களே, பாபர் ஜெயிச்சாரு, ஆனா அழுதுட்டேதான் இருந்தாரு, இந்தியாவுல நல்ல முலாம்பழமே இல்லன்னு! மாண்ட்ரியல்ல முருங்கைக்காய் கிடைக்கலன்னு நாம அழறோமே, அதே மாதிரி. அப்படி வந்த குடும்பம் பேரன் அக்பர் காலத்துல அந்த மண்ணோட எல்லா சாமியையும் ஒரே கூரைக்குக் கீழ உட்கார வச்சுப் பேசுச்சுங்க!"

பிறகு விதுர்சன் எழும்பினார். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களுக்குக் கப்பல் அனுப்பி வாசலைத் திறந்தது துருக்கிச் சுல்தான்தான் என்று நல்லபடியாய்த்தான் தொடங்கினார். கைதட்டு விழவிழ ஆளுக்குச் சூடு ஏறியது. வெற்று நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"நடுவர் அவர்களே, பாரசீகர் பக்கத்தைப் பாருங்கோ. ஒருத்தரும் இல்லை. இது புதுசே? சல்திரான் போர்க்களத்திலயும் கடைசியில அவையின்ர பக்கம் இப்பிடித்தான் கிடந்தது! எங்கட சுல்தான் செலிம் பீரங்கியோட வந்து நிக்கிறார். ஷா இஸ்மாயில் வாளைத் தூக்கிக்கொண்டு வாறார். உறைமழைக்குப் பாட்டா செருப்போட வெளிக்கிட்ட மாதிரி! தோத்தாப் பிறகு அந்தாள் போர்க்களப் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்லை. அண்டைக்குப் பீரங்கி இல்லை. இண்டைக்குப் பேச்சாளரும் இல்லை. உதெல்லாம் ஒரு பேரரசே?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிவமலரும் சிரித்தார். நெஞ்சு குலுங்கச் சிரித்தார்.

சிரித்தபடியே முன் வரிசையைப் பார்த்தார். மஹ்னாஸ் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, சிவமலரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன் ஒன்றையும் பிழையாய் எழுதவில்லை. எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தது. மஹ்னாஸ் போனைக் கைப்பைக்குள் வைத்தார். குளிர்ச்சட்டையை எடுத்தார். சட்டியை எடுக்காமலே வெளியே போய்விட்டார்.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். மேடையில் எதிர்ப்பக்கத்தை நார் நாராய்க் கிழிக்கவேண்டும். கிழிக்காவிட்டால் சனம் கொட்டாவி விடும். முடிந்ததும் கிழித்தவரும் கிழிபட்டவரும் ஒரே தட்டில் வடை எடுப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்தது என்பதாலேயே, தெரியாத ஒருவரை முன்வரிசையில் கூட்டிவந்து வைத்திருக்கிறோம் என்பது சிவமலருக்குத் தோன்றவேயில்லை.

மணியை அடித்தார்.

"அக்கா, எனக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்றார் விதுர்சன்.

"இரும் தம்பி, வாறன்." அவர் மேடைப் படியில் இறங்கிவிட்டார்.

பேரின்பநாதன் குறுக்கே வந்தார். "எங்க போறீர்? நடுவர் எழும்பிப் போனா எல்லாம் குழம்பும். சொன்னனான் எல்லே, அடுத்த வருசம்..."

"அண்ணை, அடுத்த வருசத்தை நீங்களே வைச்சிருங்கோ. நான் ஏத்திக்கொண்டு வந்த ஆளை நடுவழியில இறக்கிப்போட்டு நிக்கிறன்."

மஹ்னாஸ் பஸ் தரிப்பில் நின்றார். கண்ணாடிச் சுவரெல்லாம் ஐஸ். சிவமலர் மேற்சட்டைகூடப் போடாமல், பொங்கல் சேலையோடு, வழுக்கி வழுக்கி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சில்தான் கதைத்தார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நீயும் சிரிச்சனி" என்றார் மஹ்னாஸ்.

"ஓம். சிரிச்சனான்."

"அந்தப் பெடியன் சொன்னது பொய்யில்லை. நாங்கள் தோத்தது உண்மை. சின்ன வயசில அந்தப் பாடத்துக்கு நான் அழுதிருக்கிறன். அதைக் கேட்டு நீ சிரிக்கிறாய்."

"அது விளையாட்டு மஹ்னாஸ். எங்கட ஆக்கள் இப்பிடித்தான். மேடையில மாமியைக் கிழிப்பினம், பேந்து அவவிட்ட வடை வாங்கித் தின்னுவினம். அதை உனக்கு முதலே சொல்லியிருக்கவேணும். மறந்துபோனன்."

மஹ்னாஸ் கையுறையை இழுத்து மாட்டினார். பிறகு கேட்டார். "விளையாட்டு எண்டால் மற்றப் பக்கத்தில விளையாட ஆள் வேணும். அந்தக் கதிரையில ஆர் இருந்தது?"

தூரத்தில் ஒரு பஸ் மெதுவாய் ஏற்றத்தில் ஏறி வந்துகொண்டிருந்தது. அது வந்து நின்றால் மஹ்னாஸ் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் எப்படி இருக்கும்? ஒருவர் இறங்குகிற நேரம் பார்த்து மற்றவர் இறங்கமாட்டார். 

"நான் இருக்கிறன், அந்தக் கதிரையில" என்றார் சிவமலர்.

"நீ நடுவர் எல்லே? எத்தனை வருசமாய்க் கேட்ட கதிரை அது."

"அதில நீ இரு."

"நானோ? உனக்கென்ன விசரே! எனக்கு ஒண்டும் விளங்காது."

"போனில வாசி. மணியடிக்க மொழி தேவையில்லை."

பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்த ஓட்டுநர் சிவமலருக்குத் தெரிந்தவர். சேலையோடு விறைத்துப்போய் நிற்கிற தோழியை வாய்பிளந்து பார்த்தார். மஹ்னாஸ்தான் கையை ஆட்டி, போங்கோ என்று சைகை காட்டினார்.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, விழாமல் வந்து சேர்ந்தார்கள். நடுவர் நாற்காலியில் மஹ்னாஸ் போய் இருந்ததும் மண்டபத்தில் சலசலப்பு.

"இது வழக்கத்தில இல்லை!" என்றார் பேரின்பநாதன். "தமிழ் தெரியாத நடுவரோ?"

பின்வரிசையிலிருந்து சிவநேசத்தின் குரல் வந்தது. "அண்ணை, ரொறன்ரோவில இருந்து வந்தவர் பாதி நேரம் நித்திரை. இவ முழிச்சிருந்தெண்டாலும் தீர்ப்புச் சொல்லுவா!"

அந்தச் சிரிப்போடு சலசலப்பு அடங்கியது. சிவமலர் பாரசீகர் அட்டை வைத்த நாற்காலிக்கு முன்னால் நின்றார். அவரிடம் குறிப்பு ஒன்றும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விதுர்சன் தம்பி, செருப்போட வெளிக்கிட்ட ஆக்கள் எண்டு சொன்னீர். ஓம், வெளிக்கிட்டவை. விழுந்தவை. ஆனா பேந்து எழும்பி நிண்டு பூட்ஸ் வாங்கினவை! அந்த வீட்டில வந்த ஷா அப்பாஸ் பீரங்கி செய்யப் பழகினார். இழந்த தப்ரீஸை உம்மட சுல்தானிட்ட இருந்தே திருப்பிப் பிடிச்சார். நான் ஒண்டையும் மறைக்கேல்லை. ஆர்மேனியச் சனத்தைக் கட்டாயப்படுத்தி ஊர் கிளப்பிக் கொண்டுவந்தார். வழியில செத்தவையும் கனபேர். அது கொடுமை. வந்து சேர்ந்தவைக்கு வீதி குடுத்தார், தேவாலயம் கட்டவிட்டார். அவை உலகமெல்லாம் பட்டு வித்தினம். அந்தப் பட்டில எழும்பினது இஸ்பஹான். அந்தச் சதுக்கத்தின்ர படத்தை எனக்குக் காட்டினது இந்த நடுவர். உடுப்புத் தோய்க்கிற இடத்தில வைச்சு."

ஸ்நேகாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் நல்லாய்க் கதைச்சீர். பாபர் சொன்னீர், அக்பர் சொன்னீர். நடுவில ஒருத்தரை விட்டிட்டீர். ஹுமாயூன். நாடு போச்சு, படை போச்சு, தம்பிமார் காட்டிக் குடுத்தாச்சு. அந்த அக்பர் கைக்குழந்தை. அதையும் விட்டிட்டு ஆரின்ர வாசலில போய் நிண்டவர்? திரும்பிப் போகேக்க படையும் குடுத்துவிட்டது ஆர்? அவருக்குப் பின்னால பாரசீகத்து ஓவியர் போயிருக்காட்டி உங்கட மொகலாய ஓவியம் எங்க? அவரின்ர பேரன்மாரின்ர அரசவையில கதைச்ச மொழி எது?" குரல் கொஞ்சம் இறங்கியது. "பெரிய பேரரசு எது எண்டு அளக்க எனக்குத் தெரியேல்லை. எல்லாம் போய், குளிருக்க, ஒருத்தரின்ர வாசலில போய் நிக்கிறதெண்டால் என்னெண்டு இந்த மண்டபத்தில நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கதவைத் திறந்தவன் கேள்வியும் கேப்பான், தொப்பியையும் மாத்தச் சொல்லுவான். ஆனாலும் திறந்தவன்..."

டிங்!

மணி. மஹ்னாஸ் நேரத்தைக் காட்டி விரலை ஆட்டினார்.

"இன்னும் முடியேல்லை!" என்று தமிழில் கத்தினார் சிவமலர்.

"மேர்ஸி, மதாம்," என்று சொல்லி மஹ்னாஸ் இன்னொரு தடவை அடித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மண்டபம் அப்படியே விழுந்து விழுந்து சிரித்தது. விதுர்சன் மேசையில் தட்டினார். பேரின்பநாதனே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

தீர்ப்பை மஹ்னாஸ் பிரெஞ்சில் சொல்ல, சிவமலர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். "துருக்கியர் பக்கத்துத் தம்பி நல்ல பகிடிக்காரன். என்னை வெளியில அனுப்பிற அளவுக்குப் பகிடி. அவருக்கு என்ர பாயாசத்தில பங்கில்லை." சிரிப்பு. "பாரசீகர் பக்கம் பேசினவ நேரத்தை மதிக்கேல்லை." இன்னும் சிரிப்பு. மஹ்னாஸ் கொஞ்சம் நிறுத்தி, சிவமலரைப் பார்க்காமல் அடுத்ததைச் சொன்னார். சிவமலர் அதை மொழிபெயர்க்காமல் நின்றார்.

"சொல்லுங்கக்கா!" என்றார் ஸ்நேகா.

"வெற்றி மொகலாயருக்காம்." சிவமலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. "தங்கட வீட்டுக்கு விருந்தாளியாய் வந்தவையாம். விருந்தாளிக்குத்தான் முதல் தட்டாம். நான் தோத்துப்போனன்!"

சனம் எழும்பியது. வீட்டுக்குப் போக இல்லை. கைதட்ட.

சாப்பாட்டு மேசையடியில் பேரின்பநாதன் மெதுவாய் சிவமலருக்குப் பக்கத்தில் வந்தார். "அடுத்த வருசத்தைப் பற்றி யோசிச்சனான். நடுவர் விசயம்."

"சொல்லுங்கோ அண்ணை."

"அந்த மணியடிச்ச மனுசி திரும்ப வருவாவோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாரும்."

சிவமலர் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் விதுர்சன் காகிதக் கோப்பை ஒன்றோடு பாயாசச் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நெருங்கவும் பயம், போகவும் மனமில்லை. மஹ்னாஸ் அவரைக் கண்டார். கோப்பையை வாங்கினார். கறுவாப்பூ போட்ட நடுப்பகுதியிலிருந்து அள்ளி, வழிய வழிய நிரப்பினார்.

"சுல்தான் செலிமுக்கு," என்று சொல்லி நீட்டினார்.